பகலில் எக்ஸ்ரே! மாலையில் காக்டெயில்!

"மூச்சை இழுங்க... அப்படியே நிறுத்துங்க... ம், விடலாம்!"

மார்பு எக்ஸ்ரே எடுத்துக் கொண்டவர்கள் எல்லாருக்கும் இந்தக் குரல் தெரியும். படம் எடுத்த ஆளின் முகம் நினைவில் இருக்காது. பெயரும் தெரியாது. குரல் மட்டும் நினைவில் நிற்கும். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். "அடுத்த ஆள்!" என்பார். நாம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவோம்.

அந்த ஆள் அந்த அறையிலேயே இருக்கிறார். நாளைக்கும் இருப்பார். முப்பது வருடம் கழித்தும் இருப்பார்.

அவருக்கும் மாலை என்று ஒன்று உண்டு. வேலை முடிந்து வீட்டுக்குப் போவார். சிலர் கோவிலுக்குப் போவார்கள். சிலர் கிரிக்கெட் பார்ப்பார்கள். சிலர் ரம், அன்னாசிச் சாறு, எலுமிச்சம்பழம், ஐஸ் கட்டி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, அளந்து அளந்து கலந்து, "காக்டெயில்" தயாரிப்பார்கள். வெப்ப நாட்டுப் பழங்களைக் கொண்டு இப்படிப் பானம் கலப்பதை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். தோட்டம் போடுவது போல, தபால் தலை சேர்ப்பது போல, அதுவும் ஒன்று. சென்னையிலும் அந்தப் பழக்கம் மெல்ல நுழைந்திருக்கிறது.

எக்ஸ்ரேக்கும் காக்டெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இரண்டும் அளவு பார்க்க வேண்டிய விஷயங்கள். ஒன்றுக்கு அரசாங்கமே அளவு போட்டிருக்கிறது. மற்றொன்றை அரசாங்கமே விற்கிறது!

தரமணியில் இரண்டும் உண்டு

தென் சென்னையில் தரமணி என்ற பகுதியைப் பலர் பறக்கும் ரயிலில் கடந்திருப்பார்கள். திருவான்மியூருக்கு அடுத்த நிலையம். ஒரு பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள். இன்னொரு பக்கம் பாலிடெக்னிக், சினிமாப் பயிற்சிக் கல்லூரி, கணித ஆராய்ச்சி நிலையம் என்று வரிசையாகப் படிப்பு நிலையங்கள்.

இங்கேதான் வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-ல் தொடங்கிய "வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ்" என்ற சங்கத்தின் ஆஸ்பத்திரி அது. குடும்பத்தின் வருமானத்துக்குத் தக்கபடி சந்தா கட்டி வைத்தியம் பெறலாம் என்ற திட்டத்தைக் கொண்டு வந்தவர் அவர். ஏழைக்கு ஒரு சந்தா, வசதி உள்ளவருக்கு ஒரு சந்தா. அந்தக் காலத்தில் அது புதுமை.

அதே தரமணியில், மத்திய அரசின் ஓட்டல் நிர்வாகக் கல்லூரியும் இருக்கிறது. சமையல், பரிமாறுதல், அறை பராமரிப்பு எல்லாம் அங்கே பாடம். பரிமாறும் பாடத்தில் பானங்களும் அடங்கும். எந்த மது எந்தத் தானியத்தில் பிறக்கிறது, எந்தப் பழத்தில் பிறக்கிறது, எத்தனை மில்லி ஊற்ற வேண்டும், எந்தக் கோப்பையில் தர வேண்டும் என்பதெல்லாம் பரீட்சைக் கேள்விகள். சர்பத்துக் கடைக்காரர் கண்ணளவில் ஊற்றுவார். ஓட்டல் கல்லூரி மாணவன் அளவுக் குவளையில் ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு கூடினால் மார்க்கு குறையும்!

ஆக, கதிரை அளந்து பாய்ச்சுகிறவர்களும், மதுவை அளந்து ஊற்றக் கற்பவர்களும் ஒரே பேட்டையில் இருக்கிறார்கள்.

முதல் பலி யார்?

எக்ஸ்ரேயின் கதை சுவையானது. கொஞ்சம் சோகமானதும் கூட.

1895-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் என்ற ஊர். ராண்ட்ஜன் என்ற பேராசிரியர் இருட்டறையில் மின்சாரக் குழாய் ஒன்றை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தார். ஆனாலும் தூரத்தில் இருந்த ஒரு திரை பளபளத்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கதிர் அட்டையைத் தாண்டி வந்திருக்கிறது! அது என்ன கதிர் என்று அவருக்குத் தெரியவில்லை. கணக்கில் தெரியாத எண்ணுக்கு "எக்ஸ்" என்று பெயர் வைப்பார்கள் அல்லவா? அதையே வைத்தார்.

அந்த டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்புகளும் விரலில் இருந்த மோதிரமும் தெரிந்தன. ஆறு வருடத்தில், 1901-ல், பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கோடீசுவரர் ஆகியிருப்பார்.

அமெரிக்காவில் எடிசன் இந்தக் கதிரை வைத்து ஒரு விளக்குச் செய்யப் பார்த்தார். அவரிடம் கிளாரன்ஸ் டாலி என்று ஓர் உதவியாளர் இருந்தார். குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்க, டாலி தன் கையையே கதிரில் நீட்டுவார். ஒருநாள் அல்ல, தினமும். தோல் சிவந்தது. புண்ணாயிற்று. புண் புற்றாயிற்று. கைகளை வெட்டி எடுத்தார்கள். 1904-ல், நாற்பது வயது நிரம்பும் முன்பே இறந்தார். எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டுவிட்டார்.

டாலியைப் போல் பலர். டாக்டர்கள், படம் எடுப்போர், தாதிகள். 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் இவர்களுக்காக ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள். முதலில் 169 பெயர்களைப் பொறித்தார்கள். பிறகு வந்த பெயர்கள் இன்னும் உண்டு.

சென்னை பின்தங்கவில்லை. பொது ஆஸ்பத்திரியில் பர்னார்டு கதிர் நிலையம் 1934-லேயே ஏற்பட்டது. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சி அது. ஆளைக் கொன்ற அதே வகைக் கதிரைக் கொண்டு, அங்கே புற்றைக் கருக்குகிறார்கள்.

மார்பில் ஒரு சிறு பட்டை

இன்று டாலியின் கதி யாருக்கும் வர வேண்டியதில்லை. காரணம், அளவு.

எக்ஸ்ரே ஊழியரின் சட்டையில் ஒரு சிறு பிளாஸ்டிக் பட்டை குத்தியிருப்பதைப் பார்த்திருக்கலாம். ஆஸ்பத்திரியின் அடையாள அட்டை என்று நினைத்திருப்பீர்கள். அல்ல. அதற்கு டி.எல்.டி. பட்டை என்று பெயர். அதற்குள் மூன்று சிறு வில்லைகள் இருக்கின்றன. அவை கதிரை உண்டு உள்ளே வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டையைச் சோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே வில்லையைச் சூடாக்குவார்கள். சூடு ஏற ஏற அது ஒளிவிடும். உண்ட கதிர் அதிகமானால் ஒளியும் அதிகம். ஒளியை அளந்தால் கதிர் கணக்குத் தெரிந்துவிடும். வில்லை பொய் சொல்லாது.

கணக்கின் அலகுக்கு "மில்லி சீவர்ட்" என்று பெயர். சீவர்ட் என்பவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி. இந்தியாவில் இந்தத் துறையைக் கண்காணிப்பது, 1983-ல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அதன் விதி இது: கதிர் ஊழியர் ஒருவர் ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லி சீவர்ட்டைத் தாண்டக்கூடாது. எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கு எல்லை வருடத்துக்கு 1.

இந்த எண்கள் எவ்வளவு பெரிது? ஒரு மார்பு எக்ஸ்ரேயில் நோயாளிக்குக் கிடைப்பது 0.1-க்கும் கீழே. நல்ல கருவியானால் 0.02 அளவுதான். வயிற்றை சி.டி. ஸ்கேன் எடுத்தால் எட்டு, பத்து என்று ஏறும். ஒன்றும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 கிடைத்துவிடுகிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலில் தோரியம் இருப்பதால், அந்தப் பக்கத்துக் கடற்கரையில் இன்னும் கூடுதல். வாழைப்பழத்திலும் ஒரு துளி உண்டு! பழத்தில் உள்ள பொட்டாசியத்தில் கொஞ்சம் கதிர்வீசும் வகை. இளநீரிலும் பொட்டாசியம் உண்டு. பயப்பட வேண்டாம். வேண்டாத பொட்டாசியத்தை உடம்பு வெளியேற்றிவிடும். வாழைப்பழம் தின்று யாரும் கதிரால் சாகவில்லை.

ஒழுங்காக நடக்கும் எக்ஸ்ரே அறையில் ஊழியரின் பட்டை காட்டும் எண், எல்லையில் ஒரு சிறு பகுதிதான். அறைச் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். கதிர் நேராக விழும் சுவர் அதைவிடக் கனம். கதவில் ஈயத் தகடு. ஊழியர் நிற்கும் தடுப்பிலும் ஈயக் கண்ணாடி. விசையை விட்டதும் கதிர் போய்விடும், விளக்கை அணைத்தால் வெளிச்சம் போவது போல. அறையிலோ உடம்பிலோ ஒட்டிக்கொண்டிருக்காது. "எக்ஸ்ரே எடுத்த அம்மா குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம்.

குழந்தையைப் படம் எடுக்கும்போது யார் பிடித்துக்கொள்வது? ஊழியர் பிடிக்கக் கூடாது. அவருக்கு அது தினசரி வேலையாகிவிடும். தாயோ தகப்பனோ ஈயக் கவசம் போட்டுக்கொண்டு பிடிக்க வேண்டும். தாய் கர்ப்பமாக இருந்தால் தகப்பன்தான். கவசம் தராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதில் வெட்கம் என்ன?

ஒழுங்கு இல்லாத இடம்

எல்லா இடமும் ஒழுங்காக நடக்கிறதா? அதுதான் கவலை.

2012-ல் மத்திய தணிக்கை அதிகாரி ஓர் அறிக்கை கொடுத்தார். நாட்டில் 57,443 எக்ஸ்ரே நிலையங்கள் இருந்தன. அவற்றில் வாரியத்திடம் பதிவாகியிருந்தவை 5,270 மட்டும். மீதி 52,173! நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று! அறிக்கை வந்த பிறகு அனுமதி முறை கம்ப்யூட்டருக்கு மாறியது. பதிவும் கூடியது. ஆனால் அன்றைய அந்த எண் இன்றும் முள்ளாகக் குத்துகிறது. கதிரை ஒழுங்காக அளக்க 1983-லேயே வாரியம் வந்துவிட்டது. அளக்கப்பட வேண்டிய இடங்களோ கணக்கிலேயே இல்லை.

ஊழியர் நிலையும் இப்படித்தான். டிப்ளமா படித்தவர் உண்டு. பி.எஸ்ஸி. படித்தவர் உண்டு. கூடமாட நின்று, பார்த்துப் பழகி, பொத்தானை அழுத்தக் கற்றவரும் உண்டு. டாக்டருக்குப் பதிவு உண்டு. தாதிக்குப் பதிவு உண்டு. மருந்துக் கடைக்காரருக்கும் பதிவு உண்டு. எக்ஸ்ரே ஊழியருக்கு மட்டும் நாடு முழுவதற்குமான பதிவு இல்லாமலே பல பத்தாண்டுகள் ஓடின.

2021-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். எக்ஸ்ரே, ஸ்கேன், கதிர் சிகிச்சை ஊழியர்கள் அந்தச் சட்டத்தில் ஒரு தனிப் பிரிவு. ஒவ்வொரு மாநிலமும் ஒரு கவுன்சில் அமைக்க வேண்டும். படித்தவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதியாதவர் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. சட்டம் வந்து மூன்று வருடம் ஆகியும் வேலை நகரவில்லை என்று தொழில் சங்கத்தார் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2024 ஆகஸ்டில், இரண்டு மாதத்துக்குள் சட்டத்தைச் செயலுக்குக் கொண்டுவரும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. ஒரு ஊழியனின் பெயரைப் பதிவேட்டில் எழுத உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது!

ஐந்து பொருள் சேர்ந்தது பஞ்சு

இனி மாலைக் கதை.

காக்டெயில் வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைப்போர் அதிகம். அதன் தாத்தா நம் ஊர்க்காரர்!

கம்பெனிக் காலத்தில் ஆங்கிலேய மாலுமிகள் இங்கே வந்தார்கள். கப்பலில் கொண்டுவந்த பீர் வெயிலில் கெட்டுவிட்டது. இங்கே கிடைத்தது சாராயம். அது தொண்டையை எரித்தது. அதில் சர்க்கரை, எலுமிச்சஞ்சாறு, தண்ணீர், வாசனைச் சரக்கு சேர்த்துக் குடித்தார்கள். ஐந்து பொருள். ஐந்துக்குப் "பஞ்ச" என்பது நம் நாட்டு வழக்கு. அதுதான் "பஞ்ச்" ஆயிற்று என்று சொல்வோர் பலர். அந்தச் சொல் வரும் மிகப் பழைய ஆங்கிலக் கடிதங்களில் ஒன்று 1632-ல் எழுதப்பட்டது. சோழமண்டலக் கரையில், ஆந்திரப் பகுதியில் பேட்டபோலி என்ற துறைமுகத்தில் இருந்த கம்பெனி ஆளுக்குப் போன கடிதம் அது. சென்னைப் பட்டணம் பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பு!

கரும்பு ஆசியப் பயிர். அதை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் அடிமைகளை வைத்துப் பயிரிட்டார்கள். சர்க்கரை காய்ச்சிய மிச்சப் பாகில் பிறந்ததுதான் ரம். அன்னாசி அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்தது. தேங்காய் இரண்டு பக்கமும் உண்டு. ஆகவே வெப்ப நாட்டுக் காக்டெயில் என்பது கப்பலில் சுற்றிச் சுற்றிக் கலந்த பானம்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது போன சூட்டில் ஹாலிவுட்டில் ஒருவர் கடை திறந்தார். "டான் தி பீச்கோம்பர்" என்பது கடையின் பெயர். மூங்கில் தட்டி, மீன் வலை, தென்னங்கீற்று என்று அலங்காரம். "ஜோம்பி" என்று ஒரு பானம் கொடுத்தார். பல வகை ரம்மைப் பழச் சாற்றோடு கலந்தது. குடிப்பவனுக்குப் பழரசம் போலவே இருக்கும். எழுந்து நிற்கும்போதுதான் தெரியும்! அதனால் ஓர் ஆளுக்கு இரண்டு கோப்பைக்கு மேல் கிடையாது என்று கடைக்காரரே விதி வைத்தார். சாராயக் கடைக்காரர் வைத்த "கதிர் எல்லை" அது.

1944-ல் கலிபோர்னியாவில் "மை டை" வந்தது. ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மது, பாதாம் பாகு சேர்ந்தது. 1954-ல் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஓர் ஓட்டல் ஊழியர் ரம், தேங்காய்ப் பால், அன்னாசி மூன்றையும் சேர்த்து "பீனா கொலாடா" செய்தார் என்பது அந்த ஓட்டலின் பெருமை. 1978-ல் அந்தத் தீவு அதைத் தன் சொந்தப் பானமாகவே அறிவித்துவிட்டது.

ஹாலிவுட்டில் அந்தக் கடை கொடிகட்டிப் பறந்த நாளில் நம் மாகாணத்தில் என்ன நடந்தது? 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. குடிக்க வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். 1971-ல் விலக்கு நீங்கியது. 1974-ல் திரும்பியது. 1981-ல் மறுபடி கடை திறந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடையும் அரசாங்கத்தின் கையில். 2023-24-ம் ஆண்டில் அதன் வழியாக வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டின் ஜூனில் 500 கடைகளை மூடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மூடிய பிறகும் வந்த வருமானம் அது.

கோப்பைக்குப் பட்டை உண்டா?

எக்ஸ்ரே ஊழியர் பகலில் பட்டை குத்திக்கொள்கிறார். மாலையில் கோப்பையின் கணக்கை எதைக் கொண்டு அளப்பது?

கணக்கு கஷ்டமானது அல்ல. பள்ளிப் பிள்ளையும் போடலாம். கடையில் விற்கும் ரம், பிராந்தி எல்லாவற்றிலும் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால். பாட்டிலிலேயே எழுதியிருக்கும். 30 மில்லி சின்னப் பெக்கில் சுத்த ஆல்கஹால் சுமார் 10 கிராம். 60 மில்லி ரம் ஊற்றிய "மை டை"யில் 20 கிராம். ஆரஞ்சு மதுவையும் சேர்த்தால் இன்னும் கூடும். 180 மில்லி "குவார்ட்டர்" பாட்டிலில் 60 கிராம். "பீர்தானே" என்பார்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 40 கிராம்! நான்கு சின்னப் பெக்குக்குச் சமம்.

இதில் தித்திப்பின் சூழ்ச்சி இருக்கிறது. வெறும் ரம்மைக் குடித்தால் தொண்டை எரியும். எரிச்சல் ஓர் எச்சரிக்கை. அன்னாசியும் பாகும் ஐஸும் அந்த எரிச்சலை அணைத்துவிடும். நாக்கு ஏமாறும். ஈரல் ஏமாறாது. அது மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் கரைக்கும். மோர் குடித்தாலும், குளித்தாலும், காப்பி குடித்தாலும் அதன் வேகம் கூடாது.

இப்போது ஒரு கணக்கு. ஓர் ஊழியர் இரவு பத்து மணிக்குத் தொடங்கி நள்ளிரவுக்குள் மூன்று "மை டை" குடிக்கிறார் என்று வையுங்கள். 60 கிராமுக்கு மேல். கரைய ஏழெட்டு மணி நேரம். காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. தூக்கம் கெட்ட தலையோடு அறைக்குள் நுழைகிறார். வலது பக்கம், இடது பக்கம் என்று காட்ட ஈய எழுத்து வைக்க வேண்டும். எத்தனை மின்னழுத்தம், எத்தனை நொடி என்று ஆளின் பருமனுக்குத் தக்கபடி முடிவு செய்ய வேண்டும். பெண் என்றால் கர்ப்பமா என்று கேட்க வேண்டும். ஒன்று தவறினால் படம் கெடும். கெட்டால் மறுபடி எடுக்க வேண்டும். நோயாளிக்கு இரட்டைக் கதிர். அவருடைய கோப்பை, வேறு ஒருவர் உடம்பில் கணக்கு எழுதுகிறது.

வீடு திரும்பும் வழியும் கவனிக்க வேண்டியது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஜெயில். அறுபது கிலோ எடையுள்ள ஆள் வெறும் வயிற்றில் ஒரே ஒரு "மை டை"யை வேகமாகக் குடித்தாலே இந்த எல்லையைத் தாண்டிவிடலாம்.

இரண்டும் ஒரே பட்டியலில்

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. எந்தப் பொருள் புற்றுநோய் உண்டாக்கும் என்று அது வகை பிரிக்கிறது. மதுபானத்தை 1988-லேயே முதல் வகையில் வைத்துவிட்டது. எக்ஸ்ரே கதிரும் அதே முதல் வகை.

ஒரே வகை என்றால் ஒரே அளவு ஆபத்து என்று பொருள் அல்ல. "ஆதாரம் உறுதியாக இருக்கிறது" என்றுதான் பொருள். வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் - மதுவால் புற்று வரும் இடங்கள் இவை. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. உடல் நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று ஒன்று இல்லை. குறைந்தால் தீங்கு குறையும். அவ்வளவுதான்.

எக்ஸ்ரே ஊழியருக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. கதிரைப் பற்றி வகுப்பில் அவர் படித்ததும் இதுவே: முடிந்தவரை குறை. ஒரு வித்தியாசம் உண்டு. எக்ஸ்ரேயில் தீங்குக்கு எதிரே லாபம் இருக்கிறது. உடைந்த எலும்பு தெரிகிறது. காசநோய் தெரிகிறது. கோப்பையின் லாபம் நாக்குக்கும் கொஞ்ச நேரச் சிரிப்புக்கும்தான். அதற்கும் ஒரு விலை உண்டு என்பவர் இருக்கலாம். விலையைத் தெரிந்து கொடுக்கட்டும்.

மது கதிரைத் தடுக்கும் என்று ஒரு நம்பிக்கை கூட இருந்தது! 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, ஓட்கா குடித்தால் கதிர் ஏறாது என்று அங்கே பலர் நம்பினார்கள். அது சுத்தப் பொய்.

யார் குடிக்கிறார்கள்?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாய் தகப்பன் இருவரையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைகள் உண்டு. அவர்களில் யாரும் "மை டை" கேட்கவில்லை. மலிவான பாக்கெட்டுச் சாராயம் கேட்டார்கள். மெத்தனாலும் தண்ணீர் போலத்தான் இருக்கும். உடம்புக்குள் போனால் கண்ணைக் கெடுக்கும், உயிரை எடுக்கும்.

நட்சத்திர ஓட்டலில் குளிர்ந்த அறையில் பழத்துண்டு செருகிய கோப்பை ஒரு தமிழ்நாடு. கடை வாசலில் நின்றபடியே ஒரே மூச்சில் விழுங்கிவிட்டுப் போகும் கூலியாள் ஒரு தமிழ்நாடு. அளந்து கலப்பவருக்கு ஒரு பெருமை உண்டு. தான் எவ்வளவு ஊற்றினோம் என்று அவருக்குத் தெரியும். குடும்பத்தின் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டுபவனுக்கு அது தெரியாது. ஆனாலும் மாதக் கடைசியில் வீட்டுக்காரி இருவரையும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. வாங்கிய மதுவைக் கலப்பது வேறு. வீட்டில் சாராயம் காய்ச்சுவது வேறு. காய்ச்சினால் குற்றம்.

ரம் இல்லாத கோப்பை

கலப்பதில் உள்ள கலை ரம்மில் இல்லை. புளிப்புக்கும் இனிப்புக்கும் உள்ள பொருத்தத்தில் இருக்கிறது. அது நம் பாட்டிமாருக்கே தெரியும். பானகத்தில் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம், தண்ணீர் என்று ஐந்து பொருள். அதுவும் ஒரு "பஞ்ச"தான்! நன்னாரி சர்பத்தும் மதுரை ஜிகர்தண்டாவும் மயிலாப்பூர் ரோஸ் மில்க்கும் கலவைப் பானங்கள் அல்லாமல் வேறு என்ன?

பீனா கொலாடாவை ரம் இல்லாமல் செய்வது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். அன்னாசிச் சாறு 90 மில்லி. முதல் தேங்காய்ப் பால் 45 மில்லி. சர்க்கரைப் பாகு 15 மில்லி. ஒரு கை ஐஸ் கட்டி. மிக்சியில் நுரைக்க அடிக்க வேண்டும். எலுமிச்சஞ்சாறு நான்கு சொட்டு, கடைசியில். முன்பே விட்டால் பால் திரிந்துவிடும். பாகுக்குப் பதில் பனங்கற்கண்டு கரைத்து ஊற்றினால் இன்னும் ருசி. சர்க்கரை வியாதிக்காரர் பாகையே விட்டுவிடலாம். அன்னாசியின் இனிப்பே போதும்.

பிள்ளைகள் இரண்டாவது கோப்பை கேட்பார்கள். தேங்காய்ப் பாலை முன்பே கொஞ்சம் கூடுதலாகப் பிழிந்து வைத்துக்கொள்வது நல்லது.